வெசாக்கை "ஒட்டி"ச் சூரிய கிரகணமாம்!

இரணைமடுக்காரன்:
எங்கள் வானியல் ஆர்வலர் கூடலுக்கு நாள் குறிக்கிறார்கள், சந்தோசம். ஆனால் நேற்று ஒரு மாஸ்டர் எல்லோருக்கும் அனுப்பிய திட்டத்தைப் பார்த்தீர்களா? "2031 மே மாதம் சூரிய கிரகணம் வருகிறது. கூடலை வெசாக் போயாவை ஒட்டி வைத்தால் லீவும் கிடைக்கும், கிரகணமும் பார்க்கலாம்." போயா என்றால் பௌர்ணமி. அன்றைக்கு நிலவு சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும். அது எப்படிச் சூரியனை மறைக்கும், முதுகுப்பக்கத்தாலா? கிரகணம் 21ஆம் திகதி. புதன்கிழமை, அமாவாசை. இது எட்டாம் வகுப்புப் பாடம்.

வவுனியா மாஸ்டர்:
அந்த மாஸ்டர் நான்தான். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் சொல்லித் தருகிறீர்கள், நன்றி தம்பி. நான் "போயாவில்" என்று எழுதவில்லை, "போயாவை ஒட்டி" என்றுதான் எழுதினேன். ஒட்டி என்றால் அதே நாள் என்று எந்த அகராதியில் இருக்கிறது?

இரணைமடுக்காரன்:
பௌர்ணமி மே 7, கிரகணம் 21. பதினான்கு நாள் மாஸ்டர். அதற்குள் ஒரு செத்தவீட்டில் எட்டுச்செலவே முடிந்து, வாடகைக் கதிரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இதுவா ஒட்டி?

வவுனியா மாஸ்டர்:
மே 7 சந்திர கிரகணம், 21 சூரிய கிரகணம், ஜூன் 5 திரும்பவும் சந்திர கிரகணம். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டித்தான் வருகின்றன. இது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

இரணைமடுக்காரன்:
தெரியும். சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். மே 7 நடப்பது புறநிழல் கிரகணம், நிலவு இலேசாக மங்குவது மட்டும்தான், அதுவும் எங்கள் நேரத்தில் காலை ஒன்பதரைக்குக் கிட்ட. அப்போது நிலவு எங்களுக்கு அடிவானத்துக்குக் கீழே. ஜூன் 5இலும் அதே புறநிழல்தான், உச்சம் எங்களுக்கு நிலவு எழும்ப முன்னமே முடிந்துவிடும். மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, எல்லோருமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

பாலைப்பழம்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். 21ஆம் திகதி வளையம் விழுவது, அதாவது நிலவு நடுவை மறைத்துச் சூரியன் மோதிரம் மாதிரித் தெரிவது, மதியம் ஒரு மணியை அண்டி. திட்டத்தில் 12.30 முதல் 1.30 வரை மதியச் சாப்பாடு என்று கிடக்கிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லையா? இந்தச் சனம் வானத்தைப் பார்க்குமா, பார்சலைப் பிரிக்குமா?

முள்ளியவளைப் பெடியன்:
கிரகண நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று அம்மம்மா சொல்லுவா. முதன்முறையாக அவவும் வானியலாளர்களும் ஒரே கட்சி 😄

வவுனியா மாஸ்டர்:
மூடநம்பிக்கையை இதற்குள் கொண்டு வராதீர்கள். கிரகணம் பார்த்துக்கொண்டே தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பாட்டு நேரத்தை நான் ஒரு காரணத்தோடுதான் வைத்தேன்.

இரணைமடுக்காரன்:
என்ன காரணம்? போயாவை ஒட்டிய சாப்பாடா?

வவுனியா மாஸ்டர்:
நீங்கள் பகிடி பண்ணத்தான் வந்திருக்கிறீர்கள். ஆசிரியர்களுக்குப் புதன்கிழமை லீவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பள்ளிக்கூட வாசல் மிதித்தவனுக்குத்தான் விளங்கும்.

தறப்பாள்:
வழக்கமாக வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. 2010 ஜனவரி 15 சூரிய கிரகணத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பொங்கலுக்கு அடுத்த நாள். நாங்கள் அப்போது செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில். கண்ணாடியும் இல்லை, அறிவித்தலும் இல்லை. மதியம் ஒரு மணிக்குப் பிறகு வெளிச்சம் ஒரு மாதிரி மங்கியது. எங்கள் தறப்பாளில் ஆணி குத்திய ஓட்டைகள் நாலைந்து இருந்தன. அவற்றால் பாயில் எப்போதும் வட்ட வட்டமாக வெயில் விழும், ஒரு ரூபாய்க் குற்றியளவு. அன்றைக்கு அந்த வட்டங்களின் நடு கறுத்து, எல்லாம் மோதிரமாகி விட்டன. தங்கச்சி ஒன்றுக்கு நேரே விரலை வைத்து, "அண்ணா, போட்டுட்டன்" என்றாள். நாள் எதுவானாலும் சரி, அந்த நேரத்தில் ஆட்களை மண்டபத்துக்குள் வைத்திராதீர்கள்.

முள்ளியவளைப் பெடியன்:
❤️

பாலைப்பழம்:
அண்ணை, இதை அன்றைக்கு மேடையில் சொல்ல வேண்டும்.

இரணைமடுக்காரன்:
நன்றாகச் சொன்னீர்கள் அண்ணை. அது 2010இன் கிரகணம். கடலுக்கு நடுவில் உச்ச இடத்தில் வளையம் 11 நிமிடம் 8 வினாடி நின்றது. அதைவிட நீண்ட வளையம் இனி 3043இல்தான். 2031இல் உச்ச இடத்திலேயே 5 நிமிடம் 26 வினாடி மட்டும். எங்கள் கூடலில் ஒரு பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தவே அவ்வளவு நேரம் போகும். போன தடவை வரவேற்புரை முடிந்து தொலைநோக்கியைப் பெட்டியால் எடுக்க, முகில் வந்து மூடிவிட்டது. அந்த வரவேற்புரை யாருடையது என்று நான் சொல்லவில்லை.

வவுனியா மாஸ்டர்:
சொல்லுங்கள், பயமா? என்னுடையதுதான். இருபது நிமிடம்.

இரணைமடுக்காரன்:
ஐம்பத்தைந்து. நான் நேரம் பிடித்தேன்.

வவுனியா மாஸ்டர்:
தொலைநோக்கியின் முக்காலியைக் கிளிநொச்சியில் மறந்துவிட்டு வந்தவர் யார் என்று நானும் சொல்லவில்லை.

முள்ளியவளைப் பெடியன்:
முக்காலி என் சித்தப்பாவின் வான் வண்டிக்குள்தான் கிடந்தது. அதற்காக அவரை இன்றைக்கும் ஏசுகிறார்கள். அவர் வாடகையே வாங்கவில்லை!

பாலைப்பழம்:
இடம் எங்கே என்றாவது முடிவெடுங்கள். வளையத்தின் பாதை தமிழ்நாட்டைத் தாண்டி எங்கள் வடக்கால் போகிறது, யாழ்ப்பாணம் அதற்குள். தெற்கே இறங்க இறங்க வளையம் ஒரு பக்கம் தடித்து, பிறகு உடைந்து பிறையாகிவிடும். வவுனியாவில் மண்டபம் எடுத்துவிட்டு வளையம் எங்கே என்று தேடக்கூடாது. இரணைமடு அணைக்கட்டு திறந்த வெளி, மேயில் மாரி முகிலும் இல்லை. 2019 டிசம்பர் 26 காலைக் கிரகணத்துக்கு முல்லைத்தீவில் நின்றேன். வளைய நேரம் முழுக்க முகில்.

வவுனியா மாஸ்டர்:
அப்படிச் சொல்லுங்கள்! இரணைமடுக்காரர் இவ்வளவு நேரம் போயா போயா என்று குதித்தது கூடலைத் தன் வீட்டு வாசலுக்கு இழுக்கத்தான்.

இரணைமடுக்காரன்:
அணைக்கட்டு என் வீட்டுச் சொத்தா? கதையை மாற்றாதீர்கள் மாஸ்டர். சூரிய கிரகணம் போயாவில் வராது. போயாவை ஒட்டியும் வராது. அடுத்ததாக வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி என்பீர்கள். அதுவும் வைகாசி விசாகத்தை ஒட்டி வருவது, அதுவும் பௌர்ணமிதான்.

வவுனியா மாஸ்டர்:
பார்த்தீர்களா? "விசாகத்தை ஒட்டி" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! பொங்கல் திங்கட்கிழமை. விசாகம் எல்லா வருடமும் திங்களிலா வருகிறது?

இரணைமடுக்காரன்:
அது ஒரு சில நாள் வித்தியாசம்! பதினான்கு நாளா?

வவுனியா மாஸ்டர்:
அப்போ எத்தனை நாள் வரைக்கும் ஒட்டி? எழுதுங்கள், திட்டத்தில் சேர்க்கிறேன்.

தறப்பாள்:
கண்ணாடிக்கு யார் பொறுப்பு? பெடியன்கள் எக்ஸ்ரே பிலிமைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள். அது ஆபத்து. வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் இலக்கம் எடுக்க வேண்டும்.

இரணைமடுக்காரன்:
கண்ணாடியைப் பிறகு கதைப்போம் அண்ணை. மாஸ்டர், நீங்கள் முதலில் அந்தத் திட்டத்தில் இருக்கும் "ஒட்டி"யை வெட்டுங்கள்.

வவுனியா மாஸ்டர்:
வெட்டமாட்டேன்.