மறு: அண்டுலார் போர் - தமிழ்ல என்ன வைக்கலாம்?

அக்கா, நீங்க சொன்ன 'உருளை மேகம்' கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது மேகத்தோட பேரு. நமக்கு வேண்டியது அந்த மேகத்தை உண்டாக்குற அலைக்குப் பேரு. இங்கிலீஷ்ல 'undular bore'னு சொல்றாங்களே, காத்தோ தண்ணியோ படி மாதிரி ஏறி, பின்னாடி அலை வரிசையோட நகர்றது, அதுக்கு.

மார்னிங் குளோரிங்கற மேகத்தையே எடுத்துக்கோங்க. ஆஸ்திரேலியால கார்ப்பென்டேரியா வளைகுடாவோட தெக்குக் கரைக்குப் பக்கத்துல பர்க்டவுன்னு ஒரு சின்ன ஊரு. செப்டம்பர் கடைசிலேர்ந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் சில நாள் விடியக்காலைல, பாயைச் சுருட்டி வானத்துல கிடத்துனாப்ல ஒரு மேகம் வடகிழக்குலேர்ந்து வரும், நீளம் சில சமயம் 1000 கிலோமீட்டர் வரைக்கும் போகும், ஆனா அடிப்பக்கம் தரைலேர்ந்து சில நூறு மீட்டர்தான். முந்தின நாள் பப்புல ஃபிரிட்ஜ் கண்ணாடி பனி பூத்துக் கிடந்தா மறுநாள் மேகம் வரும்னு ஊர்க்காரங்க கணக்கு. காத்துல ஈரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம், அவ்ளோதான். கிளைடர் ஓட்டுறவங்க இந்த மேகத்து மேல சறுக்கவே அந்த ஊருக்குப் போறாங்க.

கதை என்னன்னா, வளைகுடாவுக்குக் கிழக்குப் பக்கம் இருக்குற கேப் யார்க் தீபகற்பத்துல ரெண்டு கரைலேர்ந்தும் கடற்காத்து உள்ள வந்து சாயங்காலத்துக்கு மேல நடுவுல முட்டிக்குது, கிழக்குக் காத்துக்குத்தான் பலம் ஜாஸ்தி. கீழ குளிர்ந்த காத்து, மேல சூடான காத்துன்னு அடுக்கா இருக்கறதால, முட்டின வேகம் அந்த அடுக்குல அலையாக் கிளம்பி ராத்திரி முழுக்க வளைகுடாவைத் தாண்டி ஓடுது. முன்பக்கம் காத்து ஏறிக் குளிர்ந்து மேகமாகுது, பின்பக்கம் இறங்கிக் கரைஞ்சிடுது. அதான் பாக்கறதுக்கு மேகம் பின்னோக்கி உருள்ற மாதிரி தெரியும். இதுல ஈரம் பத்தலைன்னா மேகமே இருக்காது, ஆனா அலை வரும், சும்மா இருந்த காத்து திடீர்னு வீசும், காத்தழுத்தம் காட்டுற பாரோமீட்டர் ஒரு மில்லிபார் பக்கம் துள்ளும். அன்னிக்கு எதை உருளைன்னு சொல்றது?

அப்படியே தமிழ் எழுத்துல 'அண்டுலார் போர்'னு போட்டா பாதிப் பேர் யுத்தம்னு படிப்பாங்க, மீதிப் பேர் எத்தனை அடில தண்ணி வந்துச்சுன்னு கேப்பாங்க.

'போர்'ங்கறதுக்கு என் யோசனை 'ஏறுதிரை'. நீர்மட்டமோ காத்தடுக்கோ படி மாதிரி சட்டுனு ஏறி அப்படியே நகருதே, அதுக்கு. வங்காளத்து ஹூக்ளி ஆத்துல கடல் ஏறி வரும்போதும் இதே சொல்லை வச்சுக்கலாம், ரெண்டும் ஒரே சங்கதிதான். அந்தப் படிக்குப் பின்னாடி அலை அலையா வரிசை கட்டி வந்தா 'தொடர் ஏறுதிரை', அதான் அண்டுலார் போர். இந்த ரெண்டையும் பிரிச்சே ஆகணும், ஏன்னா கம்ப்யூட்டர்ல வானிலையைக் கணக்குப் போடுற மாடல் ஓட்டுறவங்களுக்கு இது நிஜப் பிரச்சனை. பின்னாடி வர்ற அலைகளுக்கு நடுவுல 10 கிலோமீட்டர் பக்கம்தான் இடைவெளி, 25 கிலோமீட்டர் கட்டம் போட்ட மாடல்ல அதெல்லாம் சல்லடைல தண்ணி மாதிரி ஓடிடும். கட்டத்தைச் சின்னதாக்கினா மட்டும் போதாது, காத்து மேலயும் கீழயும் வேகம் எடுக்கறதைக் கணக்குல சேக்காத மாடல்ல படி வரும், வரிசை சரியா வராது. அதை எழுதும்போது 'ஏறுதிரை கிடைச்சுது, தொடர் கிடைக்கல'ன்னு ஒரே வரில முடிச்சிடலாம்.

திரைன்னா சினிமா ஞாபகம் வரும்னு தம்பி ஆட்சேபிச்சார். திரைகடல் ஓடின ஜனத்துக்கு அது ஒண்ணும் புதுசில்ல. 'நிரைத்திரை'ன்னும் யோசிச்சேன், டைப் பண்ணும்போதே நரைதிரைன்னு விழுந்துச்சு, விட்டுட்டேன். இதைவிட நல்ல சொல் இருந்தா எடுத்துப் போடுங்க, அகராதியைப் பாத்து போருக்குத் 'துளை'ன்னு மட்டும் போட்டுடாதீங்க.