இரட்டை ஆக்சில் டிரெய்லர்: வலது பின் டயர் மட்டும் ஏன் போகிறது?

காவேரிப்பட்டணம் சமையல்:

வணக்கம். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். பாதி மண்டபங்களில் அடுப்படி என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. அதனால் உள்ளூர்ப் பட்டறையில் சொல்லி ஒரு சமையல் டிரெய்லர் கட்டிக்கொண்டோம். இரண்டு ஆக்சில், ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக, மொத்தம் நாலு டயர். பிக்கப்பில் கோத்து இழுக்கிறோம். உள்ளே அடுப்புகள், கிரைண்டர், அண்டா குண்டான், சிலிண்டர், 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி.

போன வாரம் தர்மபுரிக்குப் போகும்போது, காரிமங்கலம் தாண்டி வலது பின் டயரின் மேல்ரப்பர் அப்படியே உரிந்துவிட்டது. உரிந்த பட்டை மட்கார்டைக் கிழித்து, தண்ணீர்க் குழாயையும் உடைத்தது. போன சீசனிலும் அதே இடத்து டயர்தான் போனது. மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன.

டயரில் 185/65 ஆர்15 88 என்று இருக்கிறது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். நாலுக்கு 2240. எல்லாச் சாமானோடும் எடை மேடையில் ஏற்றினால் 2140தான் வருகிறது. நூறு கிலோ மிச்சம் இருக்கும்போது ஏன் வெடிக்கிறது? வேறு கம்பெனி டயர் போடலாமா? வைகாசி முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர் தம்பி:

நைட்ரஜன் அடிச்சுப் பாருங்க அண்ணே. வெயில் காலத்துல காற்றை நாலைந்து பாயிண்ட் குறைச்சு விடுங்க, ஓட ஓட சூட்டில் தானாக ஏறிக்கும்.

ஓசூர் டயர்:

தம்பி, நைட்ரஜன் உங்கள் விருப்பம். காற்றைக் குறைக்கும் யோசனையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்புகிறது. ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த டயருக்கான அளவையே கொடுக்கிறார்கள். காலையில் வண்டி கிளம்புமுன் பார்ப்பதுதான் கணக்கு. வழியில் சூடாக இருக்கும்போது காற்றை இறக்கக் கூடாது.

இனி சமையல்காரர் கேள்விக்கு. 88 என்றால் 560 கிலோ என்பது சரிதான். ஆனால் அது முழுக் காற்று, அதாவது சுமார் 36 பிஎஸ்ஐ, இருந்தால் மட்டும். அதோடு அது கார் டயர். அமெரிக்காவில் கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதன் சுமைத் திறனை 1.10ஆல் வகுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வகுத்தால் 509 கிலோ. நாலுக்கு 2036. உங்கள் நூறு கிலோ மிச்சம் அங்கேயே காணாமல் போயிற்று. அங்கே டிரெய்லர்களுக்கென்றே ‘எஸ்டி’ என்று குறியிட்டுத் தனி டயர் விற்கிறார்கள். 15 அங்குலத்தில் பரவலாக ஓடும் எஸ்டி225/75ஆர்15, பாரம் தாங்கும் வகையைச் சொல்லும் லோடு ரேஞ்ச் ‘இ’ என்றால், 80 பிஎஸ்ஐயில் 2830 பவுண்டு தாங்கும். கிட்டத்தட்ட 1285 கிலோ! அதே 15 அங்குல ரிம்தான், ஆனால் தாங்கும் பாரம் உங்கள் டயரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்படியிருந்தும் அங்கே டயர் உரிகிற கதைக்குக் குறைவில்லை.

அதற்குக் காரணம் இரண்டு ஆக்சில் அடுத்தடுத்து இருப்பது. ஒற்றை ஆக்சில் என்றால் திருப்பும்போது சக்கரம் தன் போக்கில் உருளும். இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே வட்டத்தில் உருள முடியாது. ஒன்று ஒரு பக்கம் இழுக்க, மற்றது எதிர்ப்பக்கம் இழுபடும். மண்டப வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது கீழே குனிந்து பாருங்கள், ஈரத்துணியைப் பிழிவதுபோல டயர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு உள்ளே இருக்கும் இரண்டு எஃகு வலைப் பட்டைகளுக்கு நடுவில்தான் விழுகிறது. ரப்பர் அங்கே மெல்லப் பிரிகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் நாலுவழிச் சாலையில் வெயிலும் வேகமும் சேரும்போது மேல்ரப்பரோடு கழன்று வருகிறது. கம்பெனியை மாற்றுவதால் இது தீராது.

ஆனால் ஏன் வலது பின் டயரே போகிறது என்பதற்கு மொத்த எடை பதில் சொல்லாது. எடை மேடைக்கு மறுபடி போங்கள். பிக்கப்பில் கோத்தபடியே, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு எடை. அடுத்து பின் ஆக்சில் மட்டும். அடுத்து, மேடை தரைமட்டமாக இருந்தால், வலப்பக்கச் சக்கரங்கள் மட்டும். தொட்டி நிறையத் தண்ணீரோடு. கோத்து நிற்கையில் டிரெய்லர் மட்டமாக இருக்கிறதா, மூக்கு தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொப்பூர் ஓட்டுநர்:

டயர்க்காரர் சொன்னதோடு ஒன்று. பின் டயர் வெடித்து வண்டி நிற்கும் வரைக்கும் அந்தப் பக்கத்துப் பாரம் மொத்தத்தையும் வலது முன் டயர்தான் சுமந்திருக்கும். அது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், என்னைக் கேட்டால் மாற்றிவிடுவேன்.

டீக்கு நிறுத்தும் இடத்தில் நாலு டயரையும் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வையுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கம் போகும்போது பிரேக் சூடும் ரிம் வழியாக டயருக்கு வரும். கீழ் கியரில் இறங்குங்கள்.

லாரி இரட்டை ஆக்சிலுக்கு 19 டன்னாக இருந்த சட்ட வரம்பை 2018இல் 21 ஆக்கினார்கள். முதலாளிகள் அன்றைக்கே ஏற்ற ஆரம்பித்தார்கள். கீழே ஓடிய டயர் அதே பழைய டயர்தான்.

காவேரிப்பட்டணம் சமையல்:

எடை போட்டுவிட்டேன். கோத்தபடி நாலு சக்கரமும் 1930. பின் ஆக்சில் மட்டும் 1090, அப்படியானால் முன் ஆக்சில் 840. வலப்பக்கம் 1050, இடப்பக்கம் 880. மூக்கு நன்றாகவே தூக்கி நிற்கிறது. பிக்கப்பின் கொக்கி உயரம். தொட்டி வலது பின் மூலையில் இருக்கிறது, குழாய்க்கு அதுதான் வசதி என்று பட்டறையில் வைத்தார்கள். இரண்டு ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் தனித்தனி.

ஓசூர் டயர்:

விடை உங்கள் எண்ணிலேயே இருக்கிறது. பின் ஆக்சில் 1090ஐ வல இடப் பங்கில் பிரித்தால் வலது பின் டயரில் சுமார் 593 கிலோ. இடது முன் டயரில் சுமார் 383. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்கிறார். 593 என்பது கார் கணக்கான 560ஐயே தாண்டுகிறது, 509 பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

அமெரிக்க டிரெய்லர்களில் முன் பின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் ஈக்வலைசர் என்று ஓர் ஆடும் இரும்பு இருக்கும், பாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். உங்களுடையதில் அது இல்லை. அதனால் மூக்கு தூக்கினால் பாரம் நேராகப் பின் ஆக்சிலில் போய் உட்காரும். முதல் வேலை, கொக்கியை இறக்கி டிரெய்லரை மட்டமாக்குங்கள். இரண்டாவது, தொட்டியை இடது முன்பக்கம் மாற்றுங்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. கொக்கியில் இப்போது 2140இல் 1930 போக 210 கிலோதான் விழுகிறது, மொத்த எடையில் பத்து சதவீதத்துக்கும் ஒரு சொட்டுக் குறைவு. பத்திலிருந்து பதினைந்து வரை இருந்தால்தான் வால் ஆடாமல் வரும், அதனால் முன்பக்கம் கொஞ்சம் ஏறுவது நல்லதுதான். பிக்கப்பின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் மறுபடி எடை.

அதற்கப்புறம் டயர். சரக்கு வண்டி டயராக, எண் 100க்கு மேல் வாங்குங்கள். 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850. இரண்டு எண் 102/100 என்று இருந்தால் முதல் எண்தான் உங்களுக்கு. இரண்டாவது, ஒரே பக்கத்தில் இரண்டு டயரை ஒட்டி மாட்டும் ஜோடிச் சக்கரத்துக்கு. இவற்றுக்குக் காற்று அதிகம் வேண்டும், பக்கச் சுவரில் போட்டிருக்கும் முழு அளவையே வையுங்கள். அதைத் தாங்கும் ரிம்மா என்று கேளுங்கள். கார் ரிம்மில் இருக்கும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மேல் ஆகாது. உலோக வால்வு போடச் சொல்லுங்கள். டயர் தடித்ததால் ஆக்சிலின் பலம் கூடிவிடாது, அண்டா இன்னும் இரண்டு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட, முகூர்த்தமில்லாத மாதங்களில் வெயிலில் நின்று காய்ந்து போவதுதான் அதிகம். ஐந்தாறு வருடமான பழைய ஸ்டாக்கை யாராவது தள்ளுபடியில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டெப்னியும் இதே எண்ணில் வாங்குங்கள், பழைய 88ஐ அங்கே தொங்கவிட வேண்டாம்.