ஆலடி வீடு குழு: நிலாவுக்குத் தையல் போட்ட இரவு

மாலதி: நிலா ஸ்கேட்டிங் பயிற்சியில் விழுந்துவிட்டாள். புருவத்துக்கு மேல் நான்கு தையல். ஸ்கேன் எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தாத்தா திதிக்கு வர முடியுமா என்று நாளை சொல்கிறேன்.

வசந்தா அத்தை: ஐயோ என் கண்ணே. போனை எடு மாலதி.

சித்தப்பா: எப்படி விழுந்தாள்?

ரமேஷ்: தூக்கிச் சுற்றும்போது ஜோடிப் பையன் பிடியை விட்டுவிட்டான். இனி ஸ்கேட்டிங் கிடையாது. சக்கரக் காலணியைப் பரணில் போட்டுவிட்டேன்.

மாலதி: போட்டது நீங்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வசந்தா அத்தை: அதை வீட்டுக்குள் பேசுங்கள். குழுவில் வேண்டாம்.

கார்த்தி: நிலா என்ன செய்கிறாள்?

மாலதி: தோசை சாப்பிடுகிறாள். மூன்றாவது.

பெரியப்பா: ரமேஷ் மாப்பிள்ளை, அவசரப்பட வேண்டாம். எலேனா பெரெஷ்னயா என்று ஒரு ரஷ்யப் பெண். பனித்தளத்தில் ஜோடி ஸ்கேட்டிங் ஆடியவர். அவர் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சித்தப்பா: அண்ணன் லெனின்கிராடு போய்விட்டார்.

பெரியப்பா: போய்த்தான் ஆக வேண்டும் தம்பி. 1977இல் ரஷ்யாவின் தெற்கே நெவின்னமீஸ்க் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு மாஸ்கோவுக்குப் போய்ப் பயிற்சி. அங்கே ஒரு லாட்வியப் பையனோடு ஜோடி சேர்த்தார்கள். லாட்வியாவின் பெயரில் 1994 ஒலிம்பிக்கில் எட்டாம் இடம். 1996 ஜனவரியில் ரீகா நகரில் பயிற்சி. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுழல வேண்டும். ஒற்றைக் காலில் நின்று, உடம்பைக் கிடையாக வைத்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டிச் சுழல்வது. நீட்டிய காலின் பிளேடு அடுத்தவர் தலை உயரத்தில் வரும். இடைவெளி கொஞ்சம் குறைந்தது. பிளேடு அந்தப் பெண்ணின் மண்டையோட்டைத் துளைத்துவிட்டது. வயது பதினெட்டு.

வசந்தா அத்தை: அண்ணா, இந்த நேரத்தில் இதையா சொல்வது? எனக்குக் கை நடுங்குகிறது.

ரமேஷ்: மாமா, நான் சொல்வதும் இதுதானே?

பெரியப்பா: முழுவதும் கேளுங்கள். மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சு போய்விட்டது. உடம்பின் ஒரு பக்கம் சரியாக இயங்கவில்லை. அப்போது அருகில் வந்து நின்றவர் அந்தோன் சிகாருலிட்ஸே, பீட்டர்ஸ்பர்க்கில் (பழைய லெனின்கிராடுதான்) ஸ்கேட்டிங் ஆடிக்கொண்டிருந்த இளைஞர். அவர்தான் அந்தப் பெண்ணைத் தன் ஊருக்கு அழைத்துப் போனார். சில மாதங்களில் அந்தப் பெண் மீண்டும் பனியில் காலை வைத்தார், புதிய ஜோடி சிகாருலிட்ஸேயோடு. பயிற்சியாளர் தமாரா மஸ்க்வினா. அவரும் ஒரு காலத்தில் ஜோடி ஸ்கேட்டர்தான், 1969 உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். நாங்கள் டிராமில் தினமும் கடந்து போன யுபிலேய்னி அரங்கத்தில்தான் பின்னாளில் இவர்கள் பயிற்சி செய்தார்கள்.

சித்தப்பா: அந்த டிராமில் உங்களை ஏற்றிவிடத்தான் வாய்க்காலோரத்து ஒன்றரை ஏக்கர் போனது.

பெரியப்பா: விமான டிக்கெட்டுக்கும் கம்பளிக் கோட்டுக்கும் அப்பா விற்றார். நான் கேட்கவில்லை.

சித்தப்பா: நீங்கள் கேட்கவில்லைதான். எனக்கு டிராக்டர் வேண்டும் என்று நான் கேட்டேன். கிடைக்கவில்லை.

வசந்தா அத்தை: அப்பா திதி வாரத்தில் அந்த நிலத்தை இழுக்காதீர்கள் இருவரும்.

கார்த்தி: பெரியப்பா, அந்த அக்கா பிறகு ஜெயித்தாரா?

பெரியப்பா: விபத்து நடந்து ஓராண்டில், 1997 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம். 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் உலகச் சாம்பியன். 2002 சால்ட் லேக் சிட்டியில் ஒலிம்பிக் தங்கம்.

கார்த்தி: அது நடுவர்கள் ஊழல் செய்த போட்டிதானே? கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்களே.

பெரியப்பா: கொடுத்தார்கள். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்ய ஜோடிக்கு, நான்கு பேர் கனடாவுக்கு. தனக்கு நெருக்கடி கொடுத்தார்கள் என்று பிரான்ஸ் நடுவர் சொன்னதும் உலகமே கொதித்தது. தாவி இறங்கும்போது சிகாருலிட்ஸே ஒருமுறை தடுமாறியது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் ஆட்டத்தில் ஒரு கோடு கோணவில்லை. அந்தச் சண்டையில் அவருக்கு என்ன பங்கு? ஆறு புள்ளியை உச்சமாக வைத்து நடுவர்கள் மதிப்பெண் போடும் முறையையே அதற்குப் பிறகு தூக்கி எறிந்தார்கள். இரண்டு தங்கம் கொடுத்ததால் அவர் தங்கம் பாதியாகிவிடாது கார்த்தி. இதை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

கார்த்தி: சரி பெரியப்பா. நான் குறை சொல்லவில்லை.

சித்தப்பா: சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?

வசந்தா அத்தை: யாரும் கொடுக்கவில்லை.

ரமேஷ்: மாமா, அந்தப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, பிழைத்தார். என் மகளை வைத்து நான் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

பெரியப்பா: நியாயம். நான் நிலாவைத் திரும்ப அனுப்புங்கள் என்று சொல்லவே இல்லை மாப்பிள்ளை. அடிபட்ட பிறகு அவர் விட்டது ஸ்கேட்டிங்கை அல்ல, பழைய ஜோடியை. முன்பு அவரோடு ஆடிய அந்த லாட்வியப் பையன் கடுமையாக நடத்தினார் என்று பிறகு பலரும் சொன்னார்கள். ஆனால் விபத்து நடக்கும்வரை அந்தப் பெண் அங்கேதான் இருந்தார். யாராவது முன்பே கேட்டிருக்கலாம். நிலாவிடம் நீங்கள் கேட்டீர்களா, அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று?

மாலதி: நான் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

வசந்தா அத்தை: மாலதி, என்னிடம் சொன்னாள். தப்பு செய்தால் அவன் கத்துவானாம். போன மாதம் வேண்டுமென்றே கையை உதறினானாம். யாரிடமும் சொல்லாதே பாட்டி என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ரமேஷ்: ஒரு மாதமாகவா?

மாலதி: அம்மா.

வசந்தா அத்தை: தப்புதான். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தாள் குழந்தை.

சித்தப்பா: வசந்தா, அழாதே. காலையில் நான் வருகிறேன்.

ரமேஷ்: நாளை பயிற்சியாளரைப் பார்க்கிறேன். அந்தப் பையனோடு இனி இல்லை. இது முடிந்தது. ஸ்கேட்டிங்கைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன்.

மாலதி: நானும் வருகிறேன். தனி ஆட்டம் இருக்கிறது, அதையாவது கேட்போம்.

ரமேஷ்: பார்க்கலாம்.

பெரியப்பா: இன்னொரு விஷயம் விட்டுவிட்டேன். 2000இல் மார்புச்சளிக்குச் சாப்பிட்ட மருந்தில் தடைசெய்த பொருள் இருந்தது என்று பெரெஷ்னயாவின் ஐரோப்பியப் பட்டத்தைப் பறித்தார்கள். மறு வருடம் போய்த் திரும்ப வென்றார். நிலாவுக்கு டாக்டர் என்ன மருந்து கொடுத்தார்?

மாலதி: வலி மாத்திரை மட்டும்தான் மாமா.

மாலதி: பெரிய தாத்தா, நான் நிலா. எல்லாம் படித்துவிட்டேன். அந்த அக்காவுக்குப் பேச்சு திரும்ப வந்ததா?

பெரியப்பா: வந்தது கண்ணா. பீட்டர்ஸ்பர்க்கில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், நன்றாகப் பேசித்தான்.

மாலதி: பாட்டியைத் திட்டாதீர்கள். நான்தான் சத்தியம் வாங்கினேன்.

வசந்தா அத்தை: யாரும் திட்டவில்லை தங்கம். போய்த் தூங்கு.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை இலை சொல்வது?

ரமேஷ்: எங்களைச் சேர்க்காமல் சொல்லுங்கள் மாமா. வந்தால் வருகிறோம்.

வசந்தா அத்தை: மூன்று சேர்த்தே சொல்.