எங்கள் அரசு மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்ட பணத்தின் கணக்கை யாரிடம் கேட்பது?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி

அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தின் தென்கோடியில், குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்து ஊராட்சியில் வசிக்கிறேன். அருகிலுள்ள நகரத்தின் அரசு மருத்துவமனையைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பும் எங்கள் பெண்களும், மலைக்கு மேலே கேரளப் பகுதித் தோட்டங்களிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் அங்குதான் வருகிறார்கள்.

என் தாயாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. முன்பு ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை மொத்தமாகக் கொடுத்து வந்தவர்கள், கடந்த நான்கு மாதங்களாகப் பத்து நாளைக்கு மட்டும் கொடுத்து, மீதியை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே அறை ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டியே கிடக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேட்டபோது, மருத்துவமனை ஊராட்சியின் பொறுப்பில் இல்லை என்று கூறிவிட்டார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தேன். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. மருந்துக்கென்று ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அது மருந்தாக வந்ததா, வந்த மருந்து எங்கே போனது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இதை எந்த அலுவலகத்தில், எந்த வடிவில் கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்

ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளும் சரியானவை. அவற்றைத் தவறான அலுவலகத்தில் கேட்டதால்தான் ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் எல்லாம் ஒரே தலைமையின் கீழ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தைச் சேர்ந்தவை. மாவட்டத்தில் அவற்றுக்குப் பொறுப்பு, முன்பு துணை இயக்குநர் என்று அழைக்கப்பட்ட மாவட்ட சுகாதார அலுவலர். வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ் வருபவை. அவற்றுக்கு இணை இயக்குநர். உங்கள் மாவட்டத்து க.விலக்கில் இருப்பதைப் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. நீங்கள் சொல்வது நகரத்து மருத்துவமனை என்பதால், பெரும்பாலும் இணை இயக்குநர் அலுவலகமே உங்கள் முகவரி. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுங்கள். மனு இடம் மாறிப் போனாலும் கவலை வேண்டாம். அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, பெற்ற அலுவலகமே அதை ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பியாக வேண்டும்.

இனி, என்ன கேட்பது. பலரும் ‘எவ்வளவு செலவானது?’ என்று கேட்டுவிட்டு, பதிலாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது. சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கான 19ஆம் எண் மானியக் கோரிக்கையும், அதனோடு வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பும் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் மாநிலம் முழுவதற்குமான அந்தக் கணக்கில் உங்கள் ஊர் மருந்தகத்தின் அலமாரி தெரியாது. பணம் பொருளாக மாறும் இடத்தில் எழுதப்படும் பதிவேட்டைக் கேட்க வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை அது பாஸ்புக். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட்ட தொகை பாஸ்புக்கில் வரவு வைக்கப்பட்டு, கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும்போதெல்லாம் அதன் மதிப்பு கழிக்கப்படுகிறது. அந்தப் பாஸ்புக்கின் கடந்த இரண்டு ஆண்டுப் பக்கங்களையும், அதே காலத்து மருந்து இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

இரண்டாவதாக, நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். தேசிய சுகாதார இயக்கத்தின் நிதி (இதில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40) இந்தச் சங்கங்களின் வழியாகவும் மருத்துவமனைகளுக்கு வருகிறது. 2005இல் அந்தத் திட்டம் தொடங்கிய காலத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தன்விருப்ப நிதி 25,000, பராமரிப்புக்கு 50,000, நலச் சங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என ஆண்டுதோறும் கொடுத்தார்கள். சிறு பழுதுக்காக ஒரு அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே உள்ளூரிலேயே முடிவெடுத்துச் செலவழிக்கும்படி இந்த நிதி ஏற்படுத்தப்பட்டது. செலவு முடிந்ததும், பணம் எதற்குச் செலவானது என்று காட்டி அனுப்பப்படும் பயன்பாட்டுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். என் பணிக்காலத்தில் நான் மிகுந்த கவனத்தோடு படித்த தாள் அதுதான்.

நகலுக்குப் பதிலாக, அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி, பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது இன்னும் நல்லது. நேரில் பார்க்கும்போது அடித்தல் திருத்தல்களும் கண்ணில் படும்.

பதில் 2: மருந்தாளுநராகப் பணியாற்றியவர்

மேலே எழுதிய ஐயாவின் வழிகாட்டலை ஏற்கிறேன். ஆயினும் மருந்தகத்தின் உள்ளே இருபத்தைந்து ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரை குறைந்தால் உடனே களவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நோயாளிகள் எண்ணிக்கை ஏறிய பிறகும் ஒதுக்கீடு பழைய எண்ணிக்கையிலேயே நிற்பதுண்டு. ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது முடிவாகத் தாமதமானால் கிடங்கிலேயே இருப்பு இருக்காது. எங்கள் தரப்பில் தேவைப்பட்டியலை நேரத்தோடு அனுப்பாமல் விட்ட நாட்களும் உண்டு; அதையும் ஒப்புக்கொள்கிறேன். இருப்பதை எல்லோருக்கும் பத்து நாளைக்காவது பகிர்ந்து கொடுப்போம் என்று மருந்தாளுநர் முடிவெடுத்திருந்தால், தவறு அவருடைய மேசைக்கு வெளியே இருக்கிறது.

ஆகவே தேவைப்பட்டியலின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கேட்டார்கள், கிடங்கு எவ்வளவு கொடுத்தது, ‘இருப்பு இல்லை’ என்று எத்தனை முறை திருப்பியது என்பவை தெரிந்தால், பொறுப்பு மருத்துவமனையிலா, கிடங்கிலா, சென்னையிலா என்பது தெரிந்துவிடும். கிடங்கில் மருந்து இல்லாதபோது வெளியில் வாங்குவதற்கென ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதி உண்டு. அது பயன்பட்டதா என்றும் கேளுங்கள். காலாவதியான மருந்துகளின் பட்டியலை மறக்க வேண்டாம். ஒரு பக்கம் மாத்திரை இல்லை என்று நோயாளியைத் திருப்பியனுப்பி, மறுபக்கம் வேறொரு மாத்திரையைப் பெட்டி பெட்டியாகக் காலாவதியாக விடுவதைப் போல எனக்கு மன வேதனை தந்த காட்சி வேறில்லை. நோயாளிகளின் பெயர், நோய் விவரம் எதையும் கேட்காதீர்கள். அது அவர்களுக்குச் செய்யும் தீங்கு, மனுவை நிராகரிக்கவும் காரணமாகிவிடும்.

பதில் 3: பீர்மேடு தமிழர்

நான் மலைக்கு இந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறேன். எங்களிடம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1990களிலேயே கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்குப் பஞ்சாயத்துத் தலைவரே தலைவர். அதனால் மருந்து இல்லையென்றால், ஓட்டுக் கேட்டு எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) வந்த மெம்பரையே வழிமறித்துக் கேட்க முடிகிறது. பஞ்சாயத்துகளின் கணக்கை மாநிலத் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, அறிக்கையை வெளியிடுகிறது.

ஆனால் இதைக் கேட்டு எங்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். மருந்தும் கருவிகளும் இங்கும் கேரள மாநில மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாகத்தான் வருகின்றன. அங்கே நடப்பது பஞ்சாயத்து மெம்பருக்குத் தெரியாது. 2020 மார்ச்சில் கொரோனா பாதுகாப்பு உடைகளை அதிக விலைக்கு வாங்கியதால் 10.23 கோடி ரூபாய் கூடுதல் செலவானதாக மத்தியத் தணிக்கைத் துறை சொன்ன அறிக்கை, 2025 ஜனவரியில்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. நெருக்கடி நேரத்தில் கிடைத்த விலைக்கு வாங்க நேர்ந்தது என்று அரசுத் தரப்பில் விளக்கினார்கள். யார் சொல்வது சரி என்று வாதிடுவதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் இதைப் படித்தால் ஒரு செய்தி: சிறுபான்மை மொழிப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. மலையாளம் எழுதத் தெரியாது என்பதற்காகத் தோட்டத் தொழிலாளர்கள் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்தாளுநர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, மருந்து கொடுக்கும் பெண்ணிடம் ஒருநாள் கோபமாகப் பேசியதை நினைத்து வருந்துகிறேன். அடுத்த முறை போகும்போது அவரிடம் என் வருத்தத்தைச் சொல்லிவிடுவேன். மனுவில் இப்படி எழுதியிருக்கிறேன்: (1) இரண்டு ஆண்டுக்கான பாஸ்புக் பக்கங்கள், (2) அதே காலத்துத் தேவைப்பட்டியல்கள், (3) சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் இருப்புப் பதிவேட்டையும் காலாவதியான மருந்துகளின் பட்டியலையும் நேரில் பார்வையிட அனுமதி, (4) நலச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளும் பயன்பாட்டுச் சான்றிதழ்களும், (5) எக்ஸ்ரே அறை ஏன் பூட்டப்பட்டுள்ளது? இதில் குறை ஏதும் இருக்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்

ஐந்தாவதை மட்டும் மாற்றுங்கள் ஐயா. ‘ஏன்’ என்று கேட்டால், ஆவணத்தில் உள்ள தகவலைத்தான் தர முடியும், விளக்கம் தர இயலாது என்று எழுதி முடித்துவிடுவார்கள். ‘எக்ஸ்ரே கருவியின் பழுது குறித்தும், எக்ஸ்ரே எடுப்பவர் பணியிடம் குறித்தும் மருத்துவமனையிலிருந்து மேலிடத்துக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள், வந்த பதில்கள் ஆகியவற்றின் நகல்’ என்று எழுதுங்கள். அப்படி ஒரு கடிதமே எழுதப்படவில்லை என்று பதில் வந்தால், அதுவும் உங்களுக்குப் பயன்படும்.

10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களை எண்ணிக்கொண்டு, பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பாஸ்புக் நகல் வந்ததும் இங்கே எழுதுங்கள். எந்தப் பத்தியை எந்தப் பத்தியோடு ஒப்பிட வேண்டும் என்பதை உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.