விக் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு மழை நாள்

இன்வர்னஸிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரம் போனால் விக் வரும். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் துறைமுக ஊர். கடலைப் பார்க்கத்தான் போனேன். மழை பிடித்துக்கொள்ளவே, பேங்க் ரோ தெருவில் இருந்த ஊர் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது.

தெருவிலிருந்து பார்த்தால் ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள், அவ்வளவுதான். உள்ளே போனால் அறைக்குள் அறையாக நீள்கிறது. பீப்பாய் செய்யும் பட்டறை, மீனுக்குப் புகை போடும் சூளை, நாஸ் ஹெட் கலங்கரை விளக்கத்தில் எரிந்த பெரிய விளக்கு எல்லாம் இருக்கின்றன. நடத்துவது ஊர்க்காரர்களே, சம்பளம் இல்லாமல்.

19ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீனுக்கு ஐரோப்பாவிலேயே பேர்போன துறைமுகம் இது. ஹெர்ரிங் நம் மத்திக்குச் சொந்தக்கார மீன். எண்ணெய்ப் பசை அதிகம், உடனே உப்பில் போடாவிட்டால் கெட்டுவிடும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். மூன்று பேர் ஒரு குழு. இருவர் மீனை ஆய்வார்கள், ஒருவர் பீப்பாயில் மீனும் உப்புமாக மாற்றி மாற்றி அடுக்குவார். கை பழகியவர்கள் ஒரு நிமிடத்தில் 40 மீன் வரை ஆய்வார்களாம். மீன்பிடிப் பருவம் தெற்கே நகர நகர, ஷெட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் யார்மவுத் வரை இவர்களும் ஊர் ஊராகப் போனார்கள்.

அங்கிருந்த ஒரு பாட்டி, "கையைக் கொடு, காட்டுகிறேன்" என்றார். கிழித்த துணிப் பட்டையை என் விரலில் சுற்றி, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறுக்கி முடிந்தார். இப்படி ஒவ்வொரு விரலுக்கும் கட்டிக்கொண்ட பிறகுதான் கத்தியை எடுப்பார்களாம். வெட்டுப்பட்ட இடத்தில் உப்பு இறங்கினால் புண் ஆறவே ஆறாது. அவருடைய பாட்டியும் அந்த வேலை செய்தவர்தான். அதைச் சொல்லும்போது என் விரலை அவர் விடவில்லை.

அப்புறம் ஜான்ஸ்டன் குடும்பத்தார் எடுத்த புகைப்படங்களுக்கு வந்தேன். 1863 முதல் 1975 வரை, மூன்று தலைமுறையாக இதே ஊரைப் படம் பிடித்திருக்கிறார்கள். முதல் சுற்றில் நான் பார்த்தது படகுகளையும் பாய்மரங்களையும்தான். பாட்டி துணி கட்டிவிட்ட பிறகு திரும்பவும் போய், பெண்களின் கைகளை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். சில படங்களில் அந்தக் கட்டு தெளிவாகவே தெரிகிறது. இரண்டாவது முறை பார்த்திருக்காவிட்டால் எவ்வளவு இழந்திருப்பேன் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

அதே தெருவில் ஒரு சின்ன நினைவுத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜூலை 1 அன்று ஜெர்மானிய விமானம் போட்ட குண்டில் இங்கே 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். மழை விட்டதும் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், கோடையில் போவதுதான் சரி. படங்களை இரண்டு சுற்றாவது பாருங்கள்.