மறுமொழி: எம்பாடிமென்ட் – 'உடற்படிவு' என்று சொல்லலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஊரகச் சமூகங்களில் ஏற்றத்தாழ்வும் ஊட்டமும் உடல்நலமும் பற்றிய மானுடவியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வாழ்க்கைச் சூழல் உடலுக்குள் இறங்குவதைக் குறிக்கும் 'எம்பாடிமென்ட்' (embodiment) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மாட்டிக்கொண்டதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். மெய்ப்பாடு, உடலாக்கம், உடற்பதிவு என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் கட்டுரைக்குள் போட்டுப் படித்துப் பார்த்தேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நோய்ப்பரவலியல் ஆய்வாளர் நான்சி கிரீகர் 1994இல் முன்வைத்த நோய்ப்பரவல் கோட்பாட்டில் இது மையமான சொல். நிலம் யாரிடம் இருக்கிறது, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பவை எல்லாம் மெல்ல மெல்ல உயரமாகவும் ரத்தத்தின் இரும்புச்சத்தாகவும் பிறந்த குழந்தையின் எடையாகவும் மாறுகின்றன. 'ஏழைகளுக்கு நோய் அதிகம்' என்பது வெறும் கணக்கு. அந்த ஏழ்மை எந்த வழியாக உடம்புக்குள் போனது என்று கேட்பதுதான் இந்தச் சொல்லின் வேலை.

மெய்ப்பாடு அழகான சொல், எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் தொல்காப்பியம் அதற்கு ஓர் இயலையே கொடுத்து, நகை, அழுகை என எட்டையும் வகுத்துவிட்டது. அங்கே உள்ளத்தில் எழுவது உடலில் வெளிப்படுகிறது. நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை: வெளியே இருப்பது உள்ளே போய்த் தங்குவது. போதாததற்கு, இன்றைய வாசகர் 'மெய்' என்றதும் உண்மை என்று எடுத்துக்கொள்வார். உடலாக்கம் என்றால் உடற்பயிற்சிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. அதை விட்டுவிடலாம்.

உடற்பதிவில்தான் அதிக நேரம் நின்றேன். அதற்குப் பலமான ஆதாரமே இருக்கிறது. பல்லின் எனாமல் தாடைக்குள் அடுக்கடுக்காக உருவாகிறது. அந்தச் சமயத்தில் குழந்தை கடும் நோயிலோ பட்டினியிலோ விழுந்தால் அந்த அடுக்கு மெலிந்துபோகிறது. பிறகு பல் முளைக்கும்போது குறுக்கே ஒரு மெல்லிய பள்ளக் கோடு தெரியும். ஆழமாக இருந்தால் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். கோடு பல்லின் நுனிக்கு அருகில் இருக்கிறதா ஈறுக்கு அருகிலா என்று பார்த்து, எந்த வயதில் அந்தக் கஷ்டம் வந்தது என்று மானுடவியலாளர்கள் கணிக்கிறார்கள். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், எனாமல் புதுப்பித்துக்கொள்ளாது. இதைப் பதிவு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

ஆனால் பல்லுக்குப் பொருந்துவது முழு உடலுக்கும் பொருந்தவில்லை. மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி அமெரிக்கா போன மாயா பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளை மானுடவியலாளர் பாரி போகினும் அவருடன் சேர்ந்தவர்களும் அளந்தார்கள். குவாதமாலாவில் வாழும் மாயா பிள்ளைகளைவிட இவர்கள் சராசரியாக 10 செ.மீ.க்கும் மேல் உயரமாக இருந்தார்கள். மாயா மக்கள் பரம்பரையிலேயே குள்ளம் என்ற பேச்சு ஒரே தலைமுறையில் பொய்யானது. 'பதிவு' என்றால் எழுதி முடிந்துபோனது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற தொனி வருகிறது. கிராமத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அந்தத் தொனியை நான் விரும்பவில்லை.

எனவே என் பரிந்துரை: உடற்படிவு. ஆற்றில் வண்டல் படிவதுபோல, ஒரே நாளில் நடக்காதது. வந்துகொண்டே இருப்பதால் படிகிறது. வரத்து மாறினால் படிவதும் மாறும்.

இந்தச் சொல்லைப் பற்றி நம் குழுவின் மருத்துவரம்மா நேற்று எழுதியது:

> படிவு என்றால் எங்களுக்குக் கொழுப்புப் படிவு, கால்சியப் படிவு. நோயாளிக்கான குறிப்பில் இது குழப்பும்.

நியாயமான கவலை, அம்மா. ஆனால் அங்கெல்லாம் படியும் பொருளின் பெயர் முன்னால் நிற்கிறது. இங்கும் அப்படியே 'வறுமையின் உடற்படிவு', 'சாதியின் உடற்படிவு' என்று எழுதலாம். அப்புறம், வினையாகவும் இது நன்றாக வளைகிறது: 'ஏற்றத்தாழ்வு உடலில் படிகிறது', 'உடலில் படிந்த பசி'. 'உடலாக்கம்' இப்படி வளையாது. வினையாக மாறாத கலைச்சொல்லைக் கட்டுரைக்கு வெளியே யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

'பேச்சுச் சொல் வேண்டாம், செறிவாக இருக்கட்டும்' என்று குழுவில் சொன்னவருக்கு, குவாஷியோர்க்கர் என்ற கடும் ஊட்டக்குறை நோயின் பெயரை நினைவூட்டுகிறேன். கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், வயிறும் கால்களும் வீங்கிய குழந்தைகளின் நோயை 1933இல் விவரித்தார். 1935இல் அதற்குப் பெயர் வைத்தபோது லத்தீனைத் தேடவில்லை. அங்குள்ள கா மொழிப் பெண்கள் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டார். அடுத்த குழந்தை வந்ததால் தாய்ப்பாலை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் காரணம் பெயரிலேயே இருந்தது. புரதம், அமினோ அமிலம் என்ற வாதங்கள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. தாய்மார்கள் தினமும் பார்த்ததைத்தான் சொல்லாக்கி வைத்திருந்தார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. மானுடவியலாளர் தாமஸ் சோர்டாஸ் 1990இல் இதே ஆங்கிலச் சொல்லை, உடலின் வழியாகவே உலகை உணர்ந்து வாழ்வது என்ற பொருளில் மானுடவியலுக்குக் கொண்டுவந்தார். அங்கே 'படிவு' பொருந்தாது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலேயே அடைக்கவேண்டியதில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

இப்போதைக்கு என் வரைவில் உள்ள வாக்கியம் இது: 'குழந்தையின் உயரத்தில் நாம் அளப்பது அதன் குடும்பத்துக்கு மறுக்கப்பட்டவற்றின் உடற்படிவை.' இதில் எங்காவது இடறினால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை திருத்தம் செய்யலாம்.