11 கோழிக்கு எந்தக் கூடு? ரெடிமேட் இரும்புக் கூண்டா, செங்கல் வெச்சுக் கட்டுறதா?

கோபிக்காரன்:
வணக்கம்ங்க. வீட்டுக்குப் பின்னாடி 20க்கு 12 அடி இடம் இருக்குதுங்க, மேக்கால ஒரு முருங்கை மரம். சிறுவிடைன்னு சின்ன ஒடம்பு நாட்டுக்கோழி, பெட்டை 12, சேவல் 2 வெச்சிருந்தோம். ராத்திரியானா கொஞ்சத்தைப் பஞ்சாரத்துல கவுத்து மேல கல்லு வெச்சிருவோம், மீதிய பழைய மரப்பெட்டில கோழி வலை அடிச்சு அதுல அடைப்போம். போன வாரம் விடியக்காத்தால போயிப் பாத்தா பெட்டிக்குள்ள 3 பெட்டை செத்துக் கெடக்குதுங்க. ரெண்டுக்குத் தலையே இல்ல, ஒடம்பு அப்படியே இருக்குது. வலை கிழியல, கதவு தொறக்கல. அதுல ஒன்னு அடை வெக்கலாம்னு 11 முட்டை சேத்து வெச்சிருந்த கோழி. எங்கம்மா அன்னைக்குப் பூரா சாப்பிடவே இல்ல. கீரி வேலைன்னு பக்கத்துல சொல்றாங்க. இப்ப பெட்டை 9, சேவல் 2 இருக்குது. பட்டறைல 6க்கு 3 அடி இரும்புக் கூண்டு, கால் வெச்சது, கம்பித் தளம், தகரக் கூரை, 13,500 சொல்றாங்க. அதை வாங்கறதா, கொத்தனாரை வெச்சுக் கட்டறதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

தேனி சேவல்:
தம்பி, கீரி இல்ல அது. கீரி பகல்ல திரியிற ஜீவன், ராத்திரில பொந்துல படுத்துரும். வலையும் கிழியாம தலை மட்டும் போயிருக்குன்னா மரநாய், இல்லாட்டி பூனை. கோழி வலையோட ஒட்டிப் படுத்திருக்கும், வெளிய எதோ சுத்துதுன்னதும் பயந்து தலைய நீட்டும், அது ஓட்டை வழியா பிடிச்சு இழுத்துரும். ஒடம்பு வெளிய வராது, அதான் அப்டியே கெடக்கு. எங்க தோட்டத்துல இதே மாதிரி ஒரே ராத்திரில 4 போச்சு. நீங்க அடிச்ச அந்த அறுகோண வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான்ப்பா, உள்ள வர்றதத் தடுக்க இல்ல. அரை இஞ்ச் வெல்டு மெஷ், அதான் பத்த வச்ச சதுரக் கம்பி வலை, அது போடுங்க. 1 இஞ்ச் போட்டா குஞ்சு இருக்கிற காலத்துல பாம்பு நுழைஞ்சிரும்.

ரெடிமேட் கூண்டு வேணாம். தரையிலேருந்து ஒன்றரை அடி செங்கல் சுவர், அதுக்கு மேல மெஷ், ஆள் நிமிந்து நிக்கிற உசரம். கீழ உமியோ தேங்கா நாரு கழிவோ தரை பூரா பரப்பி விட்ருங்க, ஆழ்கூளம்னு சொல்லுவாங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில பயிற்சிக்குப் போனப்ப கூட்டோட நீளப் பக்கம் கிழக்கு மேற்கா இருக்கணும்னு சொன்னாங்க, காலை வெயிலும் சாயங்கால வெயிலும் நேரா உள்ள அடிக்காது. கூண்டு வாங்குற காசுக்கு இதையே கட்டிரலாம்.

திருப்பூர் வெல்டர்:
நான் கூண்டு செஞ்சு விக்கறவன், அதை மொதல்லயே சொல்லிர்றேன். ஆனா அண்ணன் சொல்றத அப்படியே ஒத்துக்க முடியாதுங்க. தரைல கூடு கட்டுனா பெருச்சாளி தோண்டிட்டு வரும், ஐப்பசி மழைல கூளம் நனைஞ்சா ரத்தக்கழிச்சல் வரும், குஞ்செல்லாம் போயிரும். கால் வெச்ச கூண்டுல எச்சம் கீழ விழுந்துருது, கோழி அதை மிதிக்கறதில்ல. வாடகை வீட்டுக்காரங்க செங்கல்ல பேத்துட்டா போவாங்க? கூண்டுன்னா டாட்டா ஏஸ்ல ஏத்திட்டுப் போயிரலாம். மரநாய்க்குத்தான் பயம்னா அதுலயும் அரை இஞ்ச் மெஷ் அடிச்சுத் தர்றோம். கூண்டுல தப்பில்ல, எந்த மெஷ் அடிக்கறோங்கறதுலதான் இருக்குது.

பாளை வீட்டுக்கோழி:
மெஷ்ஷு சரி, அந்தத் தகரத்த யாராவது பேசுங்க. நானும் கூண்டுதான் வாங்கினேன், பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. கத்திரி வெயில்ல ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு ரெண்டரை மணிக்கு வந்து பாத்தா எல்லாக் கோழியும் வாயத் தொறந்துகிட்டு, ரெக்கைய ஒடம்புல ஒட்டாம தூக்கிப் பிடிச்சுகிட்டு, தொண்டை மட்டும் பட் பட்னு அடிச்சிகிட்டு நிக்கி. தண்ணி டப்பாவத் தொட்டுப் பாத்தேன், டீ மாதிரி சூடு. மூலைல ஒன்னு கழுத்த நீட்டிப் படுத்திருந்துச்சு, தூக்குனா தொவண்டு போச்சு. தகரம் தலைக்கு மேல ரெண்டடிலதான் இருக்கு பாத்துக்கிடுங்க. கோழிக்கு நம்ம மாதிரி வேர்க்காது, வாயால மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளணும், சுத்தி இருக்க காத்தே அனலா இருந்தா அது என்ன செய்யும்? மறுநாளே தகரத்துக்கு மேல தென்னங்கீத்து ரெண்டு அடுக்கு போட்டு, நடுவுல காத்து போற மாதிரி கம்பு வச்சேன். அதுக்கப்புறம் ஒரு கோழி கூட வெயில்ல சாகல.

அம்பத்தூர் மாடி:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஆனா நான் கூண்டு கட்சிதான். மொட்டை மாடில 6 கோழி, எனக்கு வேற வழியே இல்ல. 3 வருஷமா இருக்கேன், நான் பண்ண தப்பு என்னன்னா கம்பித் தளத்த அப்படியே விட்டது. நாட்டுக்கோழி கீறிக்கிட்டே இருக்கற ஜாதி, நாள் பூரா கம்பில நின்னு ஒரு பெட்டைக்கு உள்ளங்கால் வீங்கி ஆணி மாதிரி கருப்பா கட்டிக்கிச்சு, நொண்டி நொண்டி நடந்துச்சு. அப்புறம் தளத்துல பாதிக்குப் பலகை போட்டு மேல உமி போட்டேன், சரியாச்சு. ஒரு பழைய டப்புல மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வெச்சிருக்கேன், சாயந்தரம் அதுல எறங்கி புரண்டு புரண்டு குளிக்குதுங்க, பேன் தொல்லை ரொம்பக் கொறைஞ்சிருக்கு.

தேனி சேவல்:
பாத்தீங்களா, கூண்டு வாங்கிட்டு அதுக்குள்ள தரைய உருவாக்க வேண்டியிருக்கு. அதத்தான் நான் சொல்றேன். இன்னொரு கணக்கு பாருங்க, 6க்கு 3ன்னா 18 சதுர அடி, 11 உருப்படிக்குப் பிரிச்சா ஒன்றரை அடி சொச்சம். ராத்திரி தூங்க மட்டும்னா ஓடிரும். நாலு நாள் அடைமழை, வெளிய விட முடியல, அப்பத்தான் ஒன்ன ஒன்னு கொத்தி முதுகுல ரத்தம் பாக்கும். கொத்துப்படுற கோழிக்கு ஓடி ஒளிய எடமே இருக்காது.

திருப்பூர் வெல்டர்:
அது நெசம்தான், 11க்கு அந்த சைசு பத்தாது. பட்டறைல அதைச் சொல்லியிருக்கணும். 11 கோழி ஒக்கார தலைக்கு 8 இஞ்ச் கணக்குல 7 அடிக்கு மேல கம்பு வேணும், 6 அடிக் கூண்டுல ரெண்டு கம்பு ஒரே மட்டத்துல போடணும், ஒன்னு மேல ஒன்னு கீழன்னா மேல ஒக்காரத் தினமும் சண்டை. ஆனா செங்கல் கட்டறவங்க கீழ என்ன பண்றீங்கன்னு சொல்லவே இல்லையே? மண்தரைய அப்படியே விட்டா பெருச்சாளிக்குக் கதவத் தொறந்து விட்ட மாதிரி.

தேனி சேவல்:
சொல்றேன். சுவரு போடயில மெஷ்ஷ ஒரு அடி மண்ணுக்குள்ள எறக்கி வெளிப்பக்கமா மடக்கி விட்ரணும், அதுக்கு மேல மண்ணு மூடணும். தோண்டிட்டு வர்றது அதுல முட்டிட்டுத் திரும்பிரும். கூளம் வெயில் காலத்துல 2, 3 இஞ்ச், மழைக்காலத்துல கூடப் போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிளறி விடணும். ஈரம் தெரிஞ்சா கொஞ்சம் சுண்ணாம்புத் தூள். கூரைய ரெண்டடி வெளிய நீட்டிட்டா சாரல் உள்ள வராது. மூக்குல நெடி ஏறுதுன்னா காத்து பத்தலன்னு அர்த்தம், மேல அடைச்சு வச்சிருக்கிறதத் தொறங்க. ஒரு வருசங்கழிச்சு அந்தக் கூளத்த அள்ளி வாழைக்குப் போடுங்க, தாரு எப்டி வருதுன்னு பாருங்க.

பாளை வீட்டுக்கோழி:
உசரம்னு ஒன்னு இருக்குல்ல, அதையும் சொல்லிடுதேன். கூடு கூட்டுறது யாரு? எங்க வீட்ல எங்கத்தை, 64 வயசு. கூண்டுக்குள்ள தலைய விட்டு முட்டை எடுக்கப் போயி இடுப்பு பிடிச்சு பத்து நாள் படுத்தாங்க. ஆள் உள்ள போயி நிக்க முடிஞ்சா தினமும் கண்ணுல படும், எந்தக் கோழி இளைச்சிருக்கு, எது வெள்ளையா கழியுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிரும்.

அப்புறம் கம்பு மூங்கில்ல போடாதிய. பிளவுக்குள்ள செள்ளு பகல்ல ஒளிஞ்சு கெடந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், காலைல பாத்தா கொண்டை வெளுத்துக் கெடக்கும். வெடிப்பு இல்லாத உருண்டைக் கட்டை, ரெண்டு இஞ்ச் கனம், முனைல வேப்பெண்ணெய் தடவி விடுங்க.

அம்பத்தூர் மாடி:
மூங்கில் பரவால்லக்கா, மாசம் ஒரு தடவ கழட்டி வெயில்ல போட்டா போதும்னு என் அனுபவம். கழட்டற மாதிரி வெக்கணும், அவ்ளோதான். ஒன்னு மட்டும் எல்லாரும் விட்டுட்டீங்க, கூடு எதுவா இருந்தாலும் ஓரமா ஒரு சின்ன அறை தனியா வேணும். சந்தைல வாங்கற கோழிய நேரா உள்ள விடாதீங்க, 3 வாரம் தனியா வெச்சுப் பாருங்க. நான் ஒரே ஒரு சேவல் வாங்கிட்டு வந்து வெள்ளைக்கழிச்சல்ல 5 கோழிய எழந்தவ. அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கு, குஞ்சுக்கு முதல் வாரத்துல லசோட்டா சொட்டு, 8வது வாரம் ஆர்டிவிகே ஊசி, கவர்மெண்ட் கால்நடை ஆஸ்பத்திரில கேட்டுப் போடுங்க. அது இல்லாம எந்தக் கூடும் காப்பாத்தாது.

கோபிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி டார்ச் எடுத்துட்டு ஒக்காந்திருந்தேன், 1 மணிக்கு முருங்கை மரத்துலேருந்து சுவத்துல எறங்குச்சுங்க, நீளமான வாலு, மரநாயேதான். தேனி அண்ணன் சொன்னது சரி. பெட்டிய நேர்ல பாத்தீங்கன்னா தெரியும், வலையோட ஒரு ஓட்டைல எறகு இன்னமும் ஒட்டிட்டு இருக்குது.

முடிவு பண்ணிட்டேன்ங்க. 10க்கு 5 அடி, கிழக்கு மேற்கா, ஒன்றரை அடி செங்கல், மேல அரை இஞ்ச் மெஷ், தகரத்து மேல கீத்து. முருங்கைக் கெளைய சுவத்துப் பக்கம் வெட்டி விட்டர்றேன், மீதி சாயங்கால நெழலுக்கு இருக்கட்டும். ஓரத்துல 5க்கு 2 அடி தனி அறை. கதவும் பிரேமும் மட்டும் இரும்புல வேணும், வெல்டர் அண்ணா நீங்களே செஞ்சு தர முடியுங்களா? கொஞ்சம் சீக்கிரம் வேணும்ங்க, செத்துப்போன கோழியோட 11 முட்டைய அம்மா வேற பெட்டைக்கு அடை வெச்சுட்டாங்க, இன்னைக்கு 5வது நாள்.

திருப்பூர் வெல்டர்:
21ல 5 போனா 16 நாள் இருக்குது, 10 நாள்ல தந்தர்றேன். கதவு அஞ்சரை அடி உசரம், ரெண்டரை அடி அகலம் வெக்கறேன், அம்மா குனியாம கூடையோட உள்ள போலாம். கதவுக்கும் நெலைக்கும் நடுவுல அரை இஞ்சுக்கு மேல சந்து விடக்கூடாது, அதனால கொத்தனார் நெலைக்கு எடம் விட்டுக் கட்டுனதுக்கப்பறம் குறுக்கால மேல ஒன்னு நடுவுல ஒன்னு கீழ ஒன்னுன்னு மூணு எடத்துல அளந்து அனுப்புங்க. கொண்டி மேல ஒன்னு கீழ ஒன்னு, ரெண்டு.